பந்தயத்தடத்துக்கான கார் உடல்வேலை: விதிப்புத்தகத்தை வாசித்த பின் தகரம் வெட்டும் ஒரு கிளிநொச்சிக் கராஜ்

கிளிநொச்சி நகரிலிருந்து ஏ9 வீதியில் தெற்கே வந்து, இரணைமடுச் சந்திக்குச் சற்று முன்னால் பிரியும் கிரவல் ஒழுங்கை ஒன்றில் திரும்பினால், வேப்பமரங்களின் கீழே தகரக் கொட்டகை போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. முற்றத்தில் நிற்பவை பெரும்பாலும் உழவு இயந்திரங்கள், நெல் ஏற்றும் லான்ட்மாஸ்டர்கள், முன்பக்கம் நசுங்கிய வான்கள். தன் பெயரையும் கராஜின் பெயரையும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தவிர்க்கிறேன். ஆனால், தொழில்முறைசாரா ஓட்டுநர்களுக்கான தடப் பயிற்சி நாள்களுக்குக் காரைத் தயார்செய்ய நினைக்கும் வன்னி இளைஞர்கள், இந்த வேலைக்காகக் கொழும்புவரை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியதில்லை என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனது வாகனம் 1993ஆம் ஆண்டைய டொயோட்டா ஸ்டார்லெட், ஈ.பி.82 வகை, 1331 கன சென்ரிமீற்றர் இயந்திரம். வீதியில் ஓடுவதற்கான பதிவும் காப்புறுதியும் உள்ள சாதாரணக் கார். அதைப் பயிற்சி நாள் ஒன்றுக்குக் கொண்டுபோய், பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதான் இந்தக் கராஜைத் தேடிப் போனேன். ஆகவே முதலில் அந்தத் தோல்வியைச் சொல்லிவிடுவது முறை.

பயிற்சி நாள் என்பது பந்தயம் அல்ல. வாகனங்கள் இடைவெளிவிட்டுப் புறப்படும். அனுமதிக்கப்பட்ட நேர்ப்பகுதிகளில் மட்டுமே ஒன்றையொன்று முந்தலாம். விரும்புகிறவர்களுக்குச் சுற்று நேரம் அளந்து கொடுப்பார்கள். இலங்கையில் தார்த் தடம் என்றால் பன்னலவும், பழைய விமான ஓடுபாதையான காட்டுக்குறுந்தவும் நினைவுக்கு வரும். அனுராதபுரத்துச் சாலியபுரவும் தியத்தலாவையின் பொக்ஸ் ஹில்லும் கிரவல் தடங்கள். எங்கே போனாலும் தடத்தில் இறங்குவதற்கு முன் பரிசோதகர் ஒருவர் வாகனத்தைச் சுற்றிவந்து பார்ப்பார். அவரது கையில் இருப்பது அந்த ஏற்பாட்டாளரின் விதிப்புத்தகம். ஒவ்வொருவரின் புத்தகமும் சற்று வேறுபட்டாலும், உடற்பகுதி தொடர்பான விதிகளின் வேர் பெரும்பாலும் சர்வதேச ஓட்டோமொபைல் சம்மேளனத்தின் (எப்.ஐ.ஏ.) ‘ஜே’ பின்னிணைப்பில் இருக்கிறது. அதன் 253ஆவது பிரிவு பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றியது. சொந்தமாக ஒரு காரைத் தயார்செய்கிற எவரும் அதை ஒருமுறையாவது முழுமையாக வாசிக்க வேண்டும்.

நான் வாசிக்கவில்லை. வேறொரு ஊரிலுள்ள ஒரு ரிங்கரிங் (கார்த் தகர வேலை) கடையில், இணையத்தில் பார்த்த படங்களைக் காட்டி, பைபர் (கண்ணாடியிழை) பொனற் ஒன்றும் முன் பம்பருக்குக் கீழே நீட்டிய தட்டு ஒன்றும் போடுவித்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. பரிசோதகர் பொனற்றின் முன் விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்து மேலே இழுத்தார்; நான்கு விரற்கடை அளவுக்கு அது எழும்பியது. பழைய பூட்டைத் தவிர வேறு பிடி எதுவும் அதற்கு இருக்கவில்லை. கீழ்த்தட்டை அவர் காலால் இலேசாக அமுக்கியதும் பம்பர் முழுவதும் அதனோடு சேர்ந்து இறங்கிற்று, ஏனெனில் தட்டு பம்பரின் பிளாஸ்டிக்கிலேயே திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. தட்டின் விளிம்பு கத்திபோல் இருந்ததையும் அவர் விரலால் தடவிக் காட்டினார். முன் சில்லுகள் மட்காட்டுக்கு வெளியே ஒரு விரல் அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றன. அன்றைக்கு நான் தடத்தில் இறங்கவில்லை.

அவர் சரியாகவே செய்தார் என்பதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது உணர்ந்தேன். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு சதுர மீற்றர் பரப்பின் மேல் காற்று முழுமையாக மோதி நின்றால், அந்தப் பரப்பின் மீது ஏறத்தாழ 680 நியூட்டன் விசை, அதாவது 69 கிலோ எடைக்குச் சமமான விசை ஏற்படும். ஸ்டார்லெட்டின் பொனற் கிட்டத்தட்ட ஒரு சதுர மீற்றர்தான். முன் கிறில் வழியாக உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ள, மேலே வழுக்கிச் செல்லும் காற்று உறிஞ்ச, அந்த விசையில் பாதி மட்டுமே பொனற்றைத் தூக்குகிறது என்று வைத்தாலும், ஒரு பள்ளிப் பிள்ளையின் எடை ஒரு பழைய பூட்டில் தொங்குகிறது. வேகம் 160 ஆகும்போது அதே விசை ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேலாகிவிடும். பொனற் திறந்து கண்ணாடியில் அறைந்தால் ஓட்டுநருக்குப் பாதை தெரியாது; கழன்று பறந்தால் பின்னால் வருகிறவருக்கு என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் பந்தயக் கார் ஒன்று தடத்தைவிட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில், எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு இந்த நாட்டில் எந்தத் தடத்திலும், ஒரு விதியைச் சின்ன விதி என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

இந்த மனநிலையோடுதான் இரணைமடுப் பக்கத்துக் கராஜுக்குப் போனேன். உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரும் அவரை ஐயா என்றே அழைக்கிறார்கள். காரைச் சுற்றிப் பார்த்த பின் அவர் கேட்ட முதற் கேள்வி விலையைப் பற்றியதல்ல.

“தம்பி, எந்த வகுப்பில ஓடப் போறீர்? புத்தகம் கொண்டு வந்தனீரோ?”

புத்தகத்தைக் கைபேசியில் வைத்திருப்பதாகச் சொன்னேன். அச்சிட்டுக் கொண்டுவரும்படி திருப்பி அனுப்பினார். அடுத்த நாள் நான் கொடுத்த பதினான்கு பக்கங்களையும், வேலைத்தளத்தில் பயிலும் பொடியன் ஒருவனை வாசிக்கச் சொல்லித் தமிழில் கேட்டு, ஐயம் வந்த இடங்களில் பென்சிலால் கோடிட்டு வைத்தார். இரண்டு இடங்களில் ஏற்பாட்டாளரிடம் என்னையே தொலைபேசியில் கேட்கவும் வைத்தார். அன்று முழுவதும் ஒரு திருகாணிகூடக் கழற்றப்படவில்லை. இந்தக் கராஜின் சேவையில் மிகப் பெறுமதியான நாள் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன், ஏனெனில் உடற்பகுதி விதிகள் வாகனம் பாதுகாப்பானதா என்பதை மட்டுமன்றி, அது எந்த வகுப்பில் சேரும் என்பதையும் தீர்மானிக்கின்றன. எனது வகுப்பில் பைபர் பொனற்றுக்கு இடமுண்டு, பைபர் கதவுக்கு இல்லை. முன்தட்டு பம்பரின் வெளிக்கோட்டிலிருந்து 50 மில்லிமீற்றர்வரை நீளலாம். தூண்களில் உயர்த்திய பின் இறக்கை பொருத்தினால் இரண்டு மடங்கு வலுவுள்ள கார்களோடு மேல் வகுப்பில் நிற்க வேண்டும். இவற்றைப் பாராமல் ஒரு இலட்சம் ரூபா செலவழித்துவிட்டுப் பொருந்தாத வகுப்பில் போய் நின்றவர்களை நான் அறிவேன்.

பொனற் வேலையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கராஜின் தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது. இங்கே பைபர் வேலை செய்பவர் கார்த் தொழிலுக்கு வெளியே இருந்து வந்தவர்; முல்லைத்தீவுக் கரையில் பல ஆண்டுகள் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போட்டவர். கடலில் அலை அறைந்தால் எந்த இடம் முதலில் வெடிக்கும் என்பதைக் கையால் அறிந்த ஒருவர், காற்று அறைந்தால் எந்த இடம் வெடிக்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொள்கிறார். எனது பழைய இரும்புப் பொனற்றை அச்சாகக் கொண்டு அவர் ஒரு வார்ப்பு எடுத்தார். மேற்பூச்சுக்குப் பின் சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மென்பாய் ஒன்று, அதன் மேல் 450 கிராம் பாய் இரண்டு, பின்னர் உட்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்புகள் போன்ற தடிப்புகள் என்ற ஒழுங்கில் வேலை நடந்தது. வன்னி வெயிலில் பிசின் வாளியிலேயே இறுகிவிடும் என்பதால் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுவார். கடினமாக்கியையும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு மேல் சேர்ப்பதில்லை. அவசரத்துக்கு அதிகமாக ஊற்றினால் பிசின் சூடேறி உள்ளுக்குள்ளேயே நொறுங்குதன்மை அடைந்துவிடும் என்றார்.

முதலில் செய்த பொனற் பிழைத்துப் போயிற்று. உதவிக்கு நின்றவர் ஒரு நாள் முன்னதாகவே அதை அச்சிலிருந்து கழற்றிவிட்டதால் இடது மூலை முறுக்கிக்கொண்டது. வெட்டித் தேய்த்து, பற்றி (பள்ளம் நிரப்பும் பசை) பூசிச் சரிக்கட்ட முடியும் என்று எனக்குத் தோன்றியது. நானே அதைச் சொல்லவும் செய்தேன். ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. முறுக்கிய பொனற்றைப் பூட்டினால் அது எப்போதும் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும், வேகத்தில் அந்தப் பக்கத்துப் பிடியிலேயே முழு விசையும் விழும் என்று விளக்கி, மேலதிகப் பணம் வாங்காமல் இரண்டாவது பொனற் செய்வித்தார். இதனால் ஒன்பது நாள்கள் தாமதமாயிற்று. நெல் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தபோது இரும்புப் பொனற் 11.5 கிலோ, பைபர் பொனற் 5.8 கிலோ. முன் அச்சுக்கு முன்னால், உயரத்தில் குறையும் 5.7 கிலோவுக்குச் சிறிய காரில் மதிப்பு உண்டு.

பிடிகளைப் பொருத்திய முறையும் குறிப்பிடத்தக்கது. 253ஆவது பிரிவின்படி பொனற்றுக்கும் டிக்கிக்கும் தலா இரண்டு மேலதிகப் பிடிகளாவது இருக்க வேண்டும். பொனற்றை ஊடுருவி நிற்கும் தண்டு, அதைக் குறுக்கே பூட்டும் ஊசி, அந்த ஊசியும் பொனற்றோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய பூட்டு இயங்காதபடி செய்யப்பட வேண்டும். பழைய பூட்டை ஏன் நீக்க வேண்டும் என்பது எனக்கு முன்பு விளங்கியதில்லை. தீப்பிடித்தால் உதவிக்கு ஓடிவருகிறவர் காருக்குள் கையை விட்டு நெம்புகோலைத் தேடாமல், வெளியிலிருந்தே இரண்டு ஊசிகளை இழுத்துப் பொனற்றைத் திறக்க வேண்டும் என்பதே காரணம். இங்கே தண்டுகள் ரேடியேற்றருக்கு மேலேயுள்ள குறுக்குச் சட்டத்தில் பொருத்தப்பட்டன. பைபரில் துளையிட்ட இடத்தில் மேலும் கீழும் 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகடுகள் வைத்து, விசை ஒரு புள்ளியில் விழாமல் உள்ளங்கை அளவுக்குப் பரவும்படி செய்தார்கள். முன்னைய கடையில் போட்டிருந்தால்கூட வெறும் துளைதான் போட்டிருப்பார்கள்.

சில்லுகளுக்கு வருகிறேன். 195/50 அளவுள்ள 15 அங்குல ரயர்களைப் போட்டிருந்தேன். சில்லின் நடுவுக்கு மேலேயுள்ள பகுதி முழுவதும், நேர் மேலிருந்து பார்க்கையில், மட்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது பொதுவான விதி. கல்லும் உடைந்த ரப்பரும் பின்னால் வருபவர்மீது வீசப்படாமல் இருக்கவும், அருகருகே ஓடும்போது ஒரு காரின் சில்லு இன்னொன்றின் சில்லில் ஏறாமல் இருக்கவும் அந்த விதி. பின் மட்காட்டின் உள் உதட்டை வெட்டிவிட்டால் ரயர் உரசாது என்று நான் எண்ணியிருந்தேன்.

“வெட்டினா உள்தகடும் வெளித்தகடும் பிரிஞ்சு போகும் தம்பி. பிறகு மாரித் தண்ணி உள்ளுக்கு இறங்கி, ரெண்டு வருஷத்தில துரு தின்றிடும். மடிச்சு விடுவம்,” என்றார் ஐயா.

அந்த உதட்டில்தான் இரண்டு தகடுகளும் புள்ளி ஒட்டுகளால் இணைந்திருக்கின்றன. அதை வெட்டுவது தையலைப் பிரிப்பதற்குச் சமம். பெயின்ற் வெடிக்காதபடி சூடுகாற்றால் இளக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பக்கத்துக்கு இரண்டு மணிநேரம் எடுத்து மடித்தார். கிடைத்த இடைவெளி எட்டு மில்லிமீற்றர், அது போதுமாயிருந்தது. முன் மட்காட்டுகளைக் கழற்றி, சுத்தியலும் டொலியும் (தகட்டின் மறுபக்கம் பிடிக்கும் இரும்புக் கட்டை) கொண்டு ஒவ்வொன்றையும் 15 மில்லிமீற்றர் வெளியே இழுத்தார். மட்காட்டை அகலமாக்கும் பைபர் துண்டுகளை ஒட்டாமல் இரும்பையே இழுத்த அந்த வேலையை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலை ஒரு சிறு போத்தலில் ஊற்றிக் காரை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய வன்னியில், புதிய மட்காட் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. நசுங்கியதை அடித்து நிமிர்த்த வேண்டும், துருப்பிடித்த இடத்துக்கு எண்ணெய்ப் பீப்பாயின் தகரத்தை வெட்டி வைக்க வேண்டும். அந்தக் கைகள் இன்று அரிது. இப்போதைய பெரும்பாலான கடைகள் கழற்றி மாட்டவும் பற்றி பூசவும் மட்டுமே அறிந்தவை.

முன்தட்டைக் கப்பல் ஒட்டுப்பலகையில், 12 மில்லிமீற்றர் தடிப்பில் செய்தார். விதி 50 மில்லிமீற்றரை அனுமதித்தாலும் 45இல் நிறுத்தினார், ஏனெனில் பம்பர் ஓட்டத்தில் சற்றுப் பின்னே நகர்ந்தால் அளவு மீறிவிடும். விளிம்புகளை உருட்டித் தேய்த்தார். மிக முக்கியமாக, தட்டைப் பம்பரில் தொங்கவிடாமல், கீழேயுள்ள இரும்புச் சட்டத்திலிருந்து நான்கு தாங்கிகளை இறக்கிப் பூட்டினார். முடிந்ததும் அதன் மேல் தானே ஏறி நின்று காட்டினார். நான்கு போல்ற்றுகளைக் கழற்றினால் தட்டு முழுவதும் இறங்கிவிடும். வீதியில் ஓடும்போது அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். பதிவுப் புத்தகத்தில் எழுதிய நிறம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தம் செய்ய வேண்டிவரும் என்பதால் பொனற்றையும் கறுப்பாக விடாமல் காரின் சிவப்பிலேயே பூசச் சொன்னார். காப்புறுதிப் பத்திரங்கள் பந்தய ஓட்டத்தை வழமையாக விலக்கிவைப்பதையும் நினைவூட்டினார். ரிங்கரிங் கடையில் இதை எதிர்பார்த்திருக்கவில்லை.

பின் இறக்கை வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன். மறுத்தார். வகுப்பு மாறுவது ஒரு காரணம். ஸ்டார்லெட்டின் பின்கதவு பெரும்பாலும் கண்ணாடி, அதன் மெல்லிய தகட்டில் இறக்கையின் கால்களைப் பூட்டினால் தகடு கிழியும் என்பது இன்னொரு காரணம். ஆனால் முன்னுக்கு மட்டும் அமுக்கம் கூட்டிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டால் வேகமான வளைவில் வால் வழுக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே கூரையின் பின் விளிம்பில் 60 மில்லிமீற்றர் உயரமான அலுமினிய உதடு ஒன்றை, உட்புறம் தகடு கொடுத்து, றிவெற் அடித்துப் பொருத்தினார். விதிப்புத்தகம் எனது வகுப்பில் அதை அனுமதிக்கிறது.

அவர் மறுத்த வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். எடை குறைப்பதற்காகக் கதவின் உட்சட்டத்தை வெட்டித்தரக் கேட்டேன். பக்கவாட்டுக் குழாய்களுடன் கூடிய பாதுகாப்புக் கூடு (கார் புரண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்ச் சட்டம்) இல்லாத காரில் அதை வெட்ட மாட்டேன் என்றார். அப்படியானால் அந்தக் கூட்டையே செய்துதாருங்கள் என்றேன், அதற்கும் மறுப்பு. சம்மேளனத்தின் விதிப்படி பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, குளிர்நிலையில் இழுத்த மூட்டற்ற உருக்குக் குழாய் வேண்டும்; அதன் இழுவலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல் இருக்க வேண்டும்; அது காரின் தரையில் இறங்கும் ஒவ்வொரு காலின் கீழும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தகடு வேண்டும். அந்தக் குழாய் தன்னிடம் இல்லை, அந்த ஒட்டுக்குரிய பயிற்சியும் தனக்கு இல்லை என்று நேராகச் சொன்னார். தண்ணீர்க் குழாயை வளைத்துப் பெயின்ற் அடித்துப் “பந்தயக் கூடு” என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்; கார் புரண்டால் அது ஓட்டுநரின் தலைக்கு மேலே மடியும். தன்னால் இயலாததை இயலாது என்று சொல்லும் ஒரு தொழிலாளியிடம் மற்ற வேலைகளை நம்பிக் கொடுக்கலாம். நான் இணையத்தில் வாங்கி வைத்திருந்த சிறிய பக்கக் கண்ணாடிகளையும் அளந்து பார்த்துத் திருப்பித் தந்தார். ஒவ்வொன்றிலும் குறைந்தது 90 சதுர சென்ரிமீற்றர் பிரதிபலிக்கும் பரப்பு வேண்டும், அவற்றில் அது இல்லை. முன்னும் பின்னும் இழுவை வளையங்கள் பூட்டி மஞ்சள் பூசினார். இயந்திரத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தகட்டில், பழைய கம்பிகள் போன துளைகள் ஐந்தைத் தகரம் வைத்து அடைத்தார்.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரமாயிற்று; இரண்டாவது பொனற்றுக்குப் போன ஒன்பது நாள்களைக் கழித்தாலும் தாமதம் பெரிது. அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்கள் வந்தால் கார் ஓரத்துக்குப் போய்விடும். வயற்காரரின் அவசரம் எனக்குப் புரிகிறது, ஆனால் முதலிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். பெயின்ற் வேலை இந்தக் கராஜின் பலவீனமான பகுதி. மூடிய அறை இல்லாமல் கொட்டகைக்குள்ளேயே பூசுவதால், மேல் மெருகில் செம்மண் துகள்கள் படிந்து, பொனற்றைத் தடவும்போது கைக்குத் தெரிகின்றன. வெயிலில் மங்கிய எனது காரின் சிவப்புக்கும் புதிய சிவப்புக்கும் இடையிலான வேறுபாடு பத்து மீற்றர் தொலைவிலிருந்தே கண்ணில் படுகிறது. தடத்துக்கு இது பொருட்டல்ல. வீதியிலும் அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், பொனற்றை முதற்பூச்சோடு வாங்கிக்கொண்டு வேறிடத்தில் பெயின்ற் அடிப்பிப்பது நல்லது. எழுத்தில் விலைச்சீட்டுத் தருவதில்லை. நான் ஒரு கொப்பியில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டேன்.

விலை விபரம்: பொனற் 58,000 ரூபா, மட்காட் வேலைகள் 42,000, முன்தட்டு 19,000, பின் உதடு 8,500, பிடிகள், இழுவை வளையங்கள், தகடு அடைப்பு எல்லாம் சேர்த்து 14,500, பெயின்ற் 45,000. மொத்தம் 187,000 ரூபா. ரயர்களும் றிம்களும் இதில் அடங்கா. நிராகரிக்கப்பட்ட முதல் வேலைக்கு நான் ஏற்கெனவே கொடுத்திருந்த தொகை இதில் பாதிக்கு மேல் என்பதால், மலிவாக முடித்துவிட்டேன் என்று சொல்ல என்னால் இயலாது. முதலிலேயே இங்கு வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது பயிற்சி நாளுக்கு விடியுமுன் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரை ஒன்றும் வாங்கிக்கொண்டு தெற்கே போனேன். முன்தட்டு பின் ஆசனத்தில் கிடந்தது. தடத்தின் வாசலில் வைத்துப் பூட்டுவதற்குப் பதினைந்து நிமிடம் சென்றது. பரிசோதகர் வேறொருவர். பொனற்றை இழுத்தார், அசையவில்லை. தட்டில் காலை வைத்து முழு எடையையும் போட்டார். சில்லுகளின் மேலே நூற்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பின் உதட்டின் றிவெற்றுகளை எண்ணினார். ஒரேயொரு குறை சொன்னார்: முன் இழுவை வளையம் இலக்கத்தகட்டின் நிழலில் மறைந்து நிற்பதால், அதைச் சுட்டும் அம்புக்குறி ஒன்று பம்பரில் ஒட்டப்பட வேண்டும். அங்கேயே மஞ்சள் நாடாவால் ஒட்டிக் காட்டினேன். அனுமதி ஒட்டி கிடைத்தது.

நேர்ப்பகுதியின் முடிவில் வேகமானி 140ஐத் தொட்டபோது என் கண் முதலில் போனது பொனற்றின் விளிம்புக்குத்தான். முன்பு வீதியில் 90இலேயே நடுங்கிக்கொண்டிருந்த அந்த இடம் அசைவற்று இருந்தது. வேகமான வலது வளைவில் வால் வழுக்கவில்லை. ஆறு சுற்றுகளுக்குப் பின் இறங்கிப் பார்த்தேன். ரயர் எங்கும் உரசிய அடையாளம் இல்லை. மாலையில் தட்டைக் கழற்றிக்கொண்டு அதே காரில் ஏ9 வழியே வீடு திரும்பினேன்.

சாதாரணக் காரை வகுப்பு விதிகளுக்குள் நின்று தயார்செய்ய விரும்புகிறவருக்கு இந்தக் கராஜை மனமாரப் பரிந்துரைப்பேன். பாதுகாப்புக் கூடு தேவைப்படுகிறவர், அல்லது நாள் குறித்து வேலை வாங்க வேண்டியவர் வேறிடம் பார்க்கட்டும். போகும்போது விதிப்புத்தகத்தை அச்சிட்டே கொண்டுபோங்கள். கைபேசியில் காட்டினால் திருப்பி அனுப்புவார். பைபர் வேலை இருக்குமானால் புரட்டாதிக்குள் வாகனத்தை விட்டுவிட வேண்டும். ஐப்பசி மழை இறங்கி ஈரம் ஏறிய பிறகு அவர்கள் பிசின் வாளியைத் திறப்பதில்லை. தை பிறந்து வெயில் காயும்வரை கார் வேப்பமரத்தின் கீழேயே நிற்கும்.